குளிர்ந்த குழலின் முதல் குண்டு

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

2003 ஜனவரியில், ஹைதராபாத்துக்கு வெளியே ஒரு துப்பாக்கிச் சோதனைத் திடலில், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் தள்ளி நிறுத்திய இரும்புத் தகட்டின் தலைக்கு மேலே அரை மீட்டர் உயரத்தில் ஒரு குண்டு பறந்து போனது. பின்னாலிருந்த மண்மேட்டில் புழுதி எழுந்தது. அந்தப் புழுதியில்தான் கதை இருக்கிறது. பத்து வருஷமாக எழுதாமல் தள்ளிப்போட்டேன். இப்போது எழுதுகிறேன், நன்றாகவே எழுதுவேன். எனக்கு அதில் சந்தேகம் இல்லை, உங்களுக்கும் வேண்டாம்.

[திடலின் பெயர், துப்பாக்கியின் பெயர், அலுவலகத்தின் பெயர் எதையும் சொல்ல மாட்டேன். ரகசியக் காப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். ஆனால் காற்றுக்கு எடை உண்டு என்பது எந்த அரசாங்கத்தின் ரகசியமும் இல்லை.]

2

தொடக்கம், முதல் வரைவு: "நித்யஸ்ரீ அன்று காலை கண்விழித்தபோது கீழ்வானம் சிவந்து—"

வேண்டாம். கீழ்வானம் சிவக்காத கதை தமிழில் இல்லை.

இரண்டாவது வரைவு: "துப்பாக்கி என்பது மனிதன் தன் கையின் நீளம் போதாமல்—"

இது கட்டுரை. பள்ளிக்கூடப் போட்டிக்கு அனுப்பலாம்.

மூன்றாவது: "ஹைதராபாத் உப்பலிலிருந்து ஜீப் கிளம்பியபோது நித்யஸ்ரீயின் மடியில் ஒரு கைக்கணினி இருந்தது. புழுதி படாமல் அதைப் பூத்துவாலையில் சுற்றி, பால் டம்ளரைப் பிடிப்பது மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்."

இது போதும். நித்யஸ்ரீக்கு இருபத்தேழு வயது. சொந்த ஊர் திருவொற்றியூர், கடலுக்கு இரண்டு தெரு இந்தப் பக்கம். ஹைதராபாத்துக்கு வந்து நாலு மாசம். குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போடும் நிரலை அவள்தான் எழுதியிருந்தாள். மூவாயிரத்துச் சொச்சம் வரிகள், ஒரு பிழைகூடக் கிடையாது. அது அவளுக்கே தெரியும். தெரிந்ததால் முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. திமிர் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், நிரலில் பிழை இல்லை.

அவளுக்கு எதிர் சீட்டில் ஹவில்தார் பழனிசாமி. முப்பத்தாறு வயது, பொள்ளாச்சிப் பக்கம். துப்பாக்கியைச் சுடப்போகிறவர். தூரச் சுடுதலைச் சொல்லிக்கொடுக்கும் ராணுவப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் வேலைக்கு அவர் பெயர் போயிருந்தது. இன்றைய சோதனை அறிக்கை நன்றாக வந்தால் அந்த வேலை அவருக்கு. பதினேழு வருஷம் தரையில் படுத்துச் சுட்டவர் நின்றுகொண்டு பாடம் எடுக்கலாம். வழியெல்லாம் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்ஸை மட்டும் இரண்டு தடவை துடைத்தார்.

3

ஒன்றரைக் கிலோமீட்டர் சுடுவது பற்றி சினிமாவில் பார்த்த எதையாவது நம்பிக்கொண்டிருந்தால் அதை இப்போதே இறக்கி வைத்துவிடுங்கள். மூச்சைப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, விசையைத் தொட்டால் அங்கே ஒருவன் விழுவதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

குண்டு அங்கே போய்ச் சேர ஏறக்குறைய இரண்டரை வினாடி ஆகும். அதற்குள் அது இருபத்துநான்கு மீட்டர் கீழே இறங்கிவிடும், எட்டு மாடிக் கட்டடத்தின் உயரம். ஆகவே குழலை எட்டு மாடி மேலே பார்க்க வைத்துச் சுட வேண்டும். அதற்குத் துப்பாக்கி மேல் உட்கார்ந்திருக்கும் தொலைநோக்கியின், அதாவது ஸ்கோப்பின், தலையில் ஒரு திருகு. திருகினால் 'கிளிக்' 'கிளிக்' என்று சத்தம் வரும். பத்துக் கிளிக் சேர்ந்தால் ஒரு மில், சாய்வை அளக்கும் கோண அளவு. இவ்வளவு தூரத்துக்கு அந்தத் திருகும் போதாது என்று, ஸ்கோப்பையே முன்பக்கம் லேசாகச் சாய்த்து உட்கார வைக்கத் தனி இரும்புப் பட்டை. முன்னால் தாங்க இரண்டு கால். பின்கட்டைக்கு அடியில் மணல் அடைத்த சின்னப் பை, இடது கையால் அதைப் பிசைந்தால் குழல் மயிரிழை ஏறும், இறங்கும். திடல் நெடுகக் கம்பு நட்டுச் சிவப்புத் துணிக் கீற்று, காற்றைப் பார்க்க. இத்தனை தளவாடமும் ஒரே கேள்விக்காகத்தான்: திருகை எத்தனை கிளிக் திருப்புவது?

பதிலைக் கைக்கணினி சொல்லும். குண்டின் வேகம், அன்றைய வெப்பம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். காற்று கனமாக இருந்தால் குண்டு சீக்கிரம் களைத்து இறங்கும். லேசாக இருந்தால் நினைத்ததைவிட மேலேயே போகும்.

இன்னொரு விதி. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டுக்குத்தான் மதிப்பெண். இரண்டாவது குண்டை யார் வேண்டுமானாலும் திருத்திச் சுடலாம் என்பார் பிரிவுத் தலைவர் கோவிந்தராஜன். சொல்லிவிட்டுத் தன் வாழ்நாளில் ஒரு குண்டும் சுட்டதில்லை என்பதையும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

4

காலை ஏழரை மணி. துணிக் கீற்றுகள் எல்லாம் கொடியில் மறந்துவிட்ட துணி மாதிரி அசையாமல் தொங்கின. காற்றே இல்லை. இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

நித்யஸ்ரீ எண்ணை வாசித்தாள். "பதினாறு புள்ளி நாலு மில்."

தரையில் படுத்திருந்த பழனிசாமி திரும்பிப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஓரம் மடிந்த ஒரு சின்ன நோட்டை எடுத்துப் புரட்டினார். எந்த ஊரில், எந்த மாசத்தில், எத்தனை தூரத்துக்கு எத்தனை திருகினார் என்று பென்சிலால் எழுதி வைத்த நோட்டு அது.

"ஏனுங்க மேடம், இது கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுங்களே. எம்பட நோட்டுல இத்தன வராதுங்க."

"அது கைக்கணக்கு, ஹவில்தார். இது கம்ப்யூட்டர்."

"இல்லீங்க மேடம், போன மாசம் இதே எடத்துல ஆயிரத்து எரநூறு மீட்டரு சுட்டப்ப—"

"நம்புங்க. நான் செக் பண்ணிட்டேன்."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்து, "சரிங்க" என்றார். திருகினார். பதினாறு புள்ளி நான்கு. மணல் பையைப் பிசைந்தார். சுட்டார்.

ஒன்று, இரண்டு, மூன்று. தகடு அசையவில்லை. அதற்கு மேலே புழுதி.

பழனிசாமி யாரையும் கேட்காமல் திருகைக் கீழே இறக்கினார். எத்தனை கிளிக் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணியிருக்கவும் முடியாது, எல்லோர் காதிலும் அடைப்பான் இருந்தது. அடுத்த நான்கு குண்டும் தகட்டின் நடு வயிற்றில் பட்டன. மதிப்பெண் முதல் குண்டுக்குத்தான்.

கோவிந்தராஜன் வந்து குனிந்தார். "என்ன பழனிசாமி, என்ன ஆச்சு?"

பழனிசாமி நித்யஸ்ரீ பக்கம் பார்க்கவே இல்லை. "காத்துங்க சார். கவனிக்காம விட்டுட்டனுங்க."

சிவப்புத் துணிகள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளுமே தவிர இப்படி மேலே தூக்காது. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். சாக்குச் சொல்கிறான் என்றுதான் கோவிந்தராஜன் நினைத்தார்.

5

[வாசகருக்கு: இங்கே ஒரு பத்தி அறிவியல். தாண்டிப் போகாதீர்கள், கொலைகாரன் இதற்குள்தான் இருக்கிறான்.]

அலுவலகத்துக் காற்றழுத்தமானி அந்த வாரம் பரிசோதனைக்குப் போயிருந்தது. அதனால் நித்யஸ்ரீ காலையில் விமான நிலையத்துக்குப் போன் செய்து அழுத்தம் கேட்டாள். ஆயிரத்துப் பதினாலு என்றார்கள். அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. விமானிகளின் வசதிக்காக எல்லா ஊரையும் கடல் மட்டத்துக்கு இறக்கிவைத்தது போலக் கணக்குப் போட்டுத்தான் அந்த எண்ணைச் சொல்வார்கள். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். ஹைதராபாத் இருப்பதோ கடலுக்கு ஐந்நூற்று நாற்பது மீட்டர் மேலே, பாறை மேட்டில். இங்கே நிஜக் காற்று அதைவிட லேசு, அதனால்தான் குண்டு தகட்டுக்கு மேலே போனது.

டெல்லிக்காரனோ பெங்களூர்க்காரனோ இந்தத் தப்பைச் செய்யமாட்டான். திருவொற்றியூரில் பிறந்தவருக்குத்தான் இது வரும். அங்கே விமான நிலையம் சொல்லும் எண்ணும் சுவரில் மாட்டிய மானி காட்டும் எண்ணும் ஒன்றே. இரண்டு எண் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது.

சாயங்காலம் நாலு மணிக்கு மானி திரும்பி வந்தது. மேஜையில் வைத்தாள். தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. மானி கெட்டுவிட்டது என்று நினைத்து இரண்டு தட்டுத் தட்டினாள். முள் அசையவில்லை. பிறகுதான் இந்த ஊரின் உயரம் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

பக்கத்து அறையில் கோவிந்தராஜன் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். 'காரணம்' என்ற கட்டம் மட்டும் பாக்கி.

6

இங்கே முடிவு வர வேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: நித்யஸ்ரீ எழுந்து போய்ச் சொல்கிறாள். "சார், தப்பு என்னோடது." கோவிந்தராஜன் கண்ணாடியைக் கழற்றி— இல்லை. நடக்கவே நடக்காததை எழுத எனக்குக் கை கூசுகிறது.

முடிவு இரண்டு: அவள் போவதற்குள் பழனிசாமியே வந்து, "விடுங்க மேடம், நீங்க சின்னவங்க" என்று பெருந்தன்மையாக— இது அதைவிட மோசம். தப்புச் செய்தவரை மன்னிக்கும் வேலையையும் அந்த மனிதர் தலையில் கட்டுவதா?

முடிவு மூன்று: அவள் வாயைத் திறக்கவில்லை. கோவிந்தராஜன் கட்டத்தில் 'சுட்டவரின் பிழை' என்று எழுதினார். பழனிசாமிக்குப் பயிற்சிப் பள்ளி வேலை கிடைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். நித்யஸ்ரீ அதே நிரலைக் காட்டி ஹைதராபாத்திலேயே மாதாபூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நாலு மடங்கு சம்பளத்துக்குச் சேர்ந்தாள்.

மூன்றாவது பொருந்துகிறது. எல்லாவற்றையும் ரமாவிடம் படிக்கக் கொடுத்தேன். ரமா என் மனைவி, இதே ஹைதராபாத்தில் திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்து, தமிழில் பாதி ஊர் உருதுவைக் கலந்து பேசுபவள், அவளிடம் கதை காட்டுவது தணிக்கைக் குழுவிடம் காட்டுவது மாதிரி.

7

சாப்பாட்டு மேஜையில் கீரையை ஆய்ந்துகொண்டே படித்தாள். கடைசித் தாளைக் கீழே வைத்தாள்.

"ஹவ், ஆமா, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஒரு டவுட்டு. யாரு இந்த நித்யஸ்ரீ?"

"கற்பனை."

"உங்க செக்‌ஷன்ல அந்த வருஷம் லேடீஸே கிடையாதே? டீ டம்ளர் கழுவக்கூட ஆள் இல்லைனு கல்யாணமான புதுசுல புலம்புவீங்களே."

"கதைன்னா அப்படித்தான், ரமா. மாத்தி எழுதணும்."

"அவளுக்குத் திருவொத்தியூர். உங்களுக்கும் திருவொத்தியூர். அவ மாதாபூர் போனா. நீங்களும் போனீங்க. எல்லாத்தையும் அப்படியே வச்சுட்டு, கைக்கு? எதுக்கு ஆளை மட்டும் பொண்ணா மாத்துனீங்க?"

நான் தாள்களை அடுக்கி ஓரத்தை நேராக்கினேன்.

"தப்பு செஞ்சது நீங்க. அதைக் கதையிலகூட வேற ஒருத்தி தலையில கட்டுறீங்க. அவரு தலையில ரிப்போர்ட்ல கட்டினாங்க, இவ தலையில கதையில. இந்த வேலையெல்லாம் நக்கோ, வேண்டாம்." கீரைத்தண்டைக் குப்பையில் போட்டாள். "அந்த பழனிசாமி இருக்காரா?"

"பொள்ளாச்சியில. அட்ரஸ் என்கிட்ட இருக்கு."

"எத்தனை வருஷமா?"

"எட்டு."

அவள் கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இதை அலங்காரமாகச் சொல்ல வழி தெரியவில்லை.

8

நான்காம் பகுதியைத் திருத்துகிறேன். பழையதையும் அடிக்காமல் விட்டுவிட்டேன், நான் எங்கே ஒளிந்தேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும்.

"ஏனுங்க சார், இது கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுங்களே."

"அது கைக்கணக்கு, ஹவில்தார். இது கம்ப்யூட்டர்."

சொன்னது நான். என் பெயர் ஜகதீசன். அவர் நோட்டை நீட்டக்கூடச் செய்தார், அதை நித்யஸ்ரீ பதிப்பில் எழுதாமல் விட்டிருந்தேன். கை நீட்டினால் வாங்கிப் பார்த்திருக்கலாம். நான் வாங்கவில்லை. மூவாயிரம் வரி எழுதியவன் பென்சில் நோட்டைப் பார்ப்பதா? சாயங்காலம் மானியைத் தட்டியதும் நான்தான். பக்கத்து அறைக்குப் பதினோரு அடி. நான் டீ குடிக்கப் போனேன்.

அவர் ஏன் 'காத்துங்க' என்றார்? பத்து வருஷமாக யோசித்திருக்கிறேன். ஒரு சிவிலியன் பையனை எல்லோர் முன்னாலும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றா? திருகியது தன் கை, ஆகவே பொறுப்பும் தன்னுடையது என்றா? நோட்டை நம்பாமல் என்னை நம்பியதற்குத் தன்மேலேயே கோபமா? எனக்குத் தெரியாது. அவர் மனசுக்குள் நுழைந்து எழுதும் உரிமை எனக்கு இல்லை. நித்யஸ்ரீக்குள் நுழைந்தது போதும்.

9

போன திங்கட்கிழமை அந்த அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். 2003 ஜனவரிச் சோதனையில் முதல் குண்டு தவறியதற்குக் காரணம் கணக்கிட்டவரின் பிழை, கணக்கிட்டவர் ஜகதீசன், காற்றழுத்தம் தவறாகக் கொடுக்கப்பட்டது, சுட்டவர் எச்சரித்தும் கேட்கப்படவில்லை. கீழே கையெழுத்து. அதை எந்தக் கோப்பில் போடுவார்கள், போடுவார்களா என்று தெரியாது. போடும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன், எனக்கு எழுதத் தெரியும்.

அதன் நகலும் இந்தக் கதையும் பொள்ளாச்சிக்குப் போகின்றன. ஆகவே வாசகரே, மன்னிக்கவும். இதுவரை உங்களிடம் பேசினேன். இனி வருவது ஒரே ஒரு வாசகருக்கு.

பழனிசாமி சார், மன்னிப்புக் கேட்டு இந்தக் கதையை முடிக்கலாம் என்று பார்த்தேன். கேட்டால் நீங்கள் 'பரவாயில்லீங்க' என்பீர்கள், நானும் நிம்மதியாகப் போய்விடுவேன். அப்படி முடிக்க எனக்கு விருப்பமில்லை. நான் கேட்பது வேறு. அன்று நீங்கள் நீட்டிய நோட்டில், அந்தப் பக்கத்தில், என்ன எண் இருந்தது? சரியான அழுத்தத்தைப் போட்டு இன்று நானே ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிக்கலாம். போட மாட்டேன். இந்தத் தடவை உங்கள் பென்சில்தான் சொல்ல வேண்டும்.

கதையின் கடைசி வரி அது. சுயவிலாசமிட்ட கார்டு உள்ளே இருக்கிறது. இடம் விட்டிருக்கிறேன்.

தூரம்: 1500 மீட்டர். பழனிசாமியின் நோட்டு: .............. மில்.