டிப்போ வாசலில் உட்கார்ந்தவர்கள்

அப்பாவின் காக்கிச் சட்டையில் கழுத்துப் பித்தான் மாட்டுவேனா என்றது. கழுத்து வீங்கியிருந்தது. அவன் இழுத்துப் பிடித்து மாட்டப் பார்த்தான்.

"விடுடா, வலிக்கும்" என்றாள் அம்மா. இனி அவருக்கு எதுவும் வலிக்காது என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ் டிப்போவில் அப்பா மெக்கானிக், அவன் டயர் மாட்டுகிறவன். வேலையைவிட்டுத் தூக்கப்பட்டவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி, மழைக்காலம் முழுக்க எல்லோரும் டிப்போ வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்து ஆளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அப்பா வைத்த ஏற்பாடு. "எவனுக்குக் கோவம் வந்தாலும் பக்கத்துல இருக்கவனுக்குத்தான் முதல்ல தெரியணும்" என்பார்.

மேனேஜரின் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்கேட் வழியாகப் போய்வந்தது. ஒரு பேப்பர்காரன்கூட எட்டிப் பார்க்கவில்லை. பேச வரச் சொல்லிவிட்டு ஆபீஸைப் பூட்டிக்கொண்டு போனார்கள். உட்கார்ந்து உட்கார்ந்து என்னத்தைக் கண்டோம் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்றுக் காலை போலீஸ்காரர் ஒருவர் அவர்களுடைய டீப் பாத்திரத்தை உதைத்துக் கவிழ்த்தார். அவன் கையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான். அப்பா கெட்டியாகத்தான் பிடித்திருந்தார். அவரைத் தள்ளிவிட்டுத்தான் பிடுங்க முடிந்தது. அவன் விட்ட கல் பட்டு ஆபீஸ் கண்ணாடி நொறுங்கியபோது, சத்தியமாக, அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷம் லத்தி இறங்கியது. தள்ளிவிட்டதில் சாய்ந்து கிடந்த அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை, அடியெல்லாம் அவர்மேல்தான் விழுந்தது. எல்லோரும் ஓடினார்கள். அவனும் ஓடினான். பெரிய வீரன்!

வாசலில் டிப்போ ஆட்கள் கூடியிருந்தார்கள். பெயின்ட் அடிக்கிற கட்டையன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, மேனேஜர் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டுட்டான், தெரியுமா? இத்தனை மாசம் உக்காந்து நடக்காதது, நீ விட்ட ஒரே கல்லுல நடந்துடுச்சு!"

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதில் பொய் ஒன்றும் இல்லை என்பது இன்னும் அசிங்கமாக இருந்தது.

"இன்னிக்கு உள்ள பூந்து பஸ்ஸ கொளுத்தப்போறோம். உங்கப்பாவுக்கு நாங்க செய்யுற மரியாதை அதுதான்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டேய், நீ சொன்னா கேப்பானுங்க. அந்த மனுசன் பேர்ல இதெல்லாம் வேணாம்னு சொல்லுடா."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அப்பாவைத் தள்ளிவிட்டவன் நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

"பாத்து... ஜாக்கிரதையா போங்கடா" என்றான்.

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே திரும்பிவிட்டாள்.

விசில் அடித்துக்கொண்டு கும்பல் கிளம்பியது. தெருவில் செருப்புச் சத்தம் தேய்ந்து ஓய்ந்தது.

சவ வண்டி தெருமுனை வரைதான் வரும். அதுவரை பெட்டியைத் தோளில் கொண்டுபோக வேண்டும். அவன் ஒரு மூலையைப் பிடித்தான், அக்கா புருஷன் ஒரு மூலை, பக்கத்து வீட்டு டெய்லர் ஒரு மூலை. இன்னொரு ஆளுக்காக அக்கா புருஷன் தெருவை எட்டிப் பார்த்தார். ஒருத்தரும் இல்லை. டிப்போ பக்கம் புகை எழும்பத் தொடங்கியிருந்தது.

அம்மா வந்து, தலைமாட்டில் அவனுக்கு எதிர்ப்பக்கம் குனிந்தாள்.

"ம், தூக்கு" என்றாள்.