நேர்வழிக்கு ஒரு வகுப்பு

“டேக் தி ஹை ரோடு” என்று டை கட்டியவர் சொல்லி முடித்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மணலியில் கெமிக்கல் பவுடரை மூட்டை கட்டும் கம்பெனி இது. நான் எச்.ஆர். உதவியாளர். ஒழுக்க வகுப்பு எடுக்க வந்தவருக்குத் தமிழ் தெரியாது, கான்டிராக்ட் ஆட்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, நடுவில் மாட்டிக்கொண்டது நான்.

“மேட்டு ரோட்ல போகணுமாம். அதாவது, மத்தவங்க கேவலமா நடந்தாலும் நாம அப்படி நடக்கக் கூடாதாம்.”

“மழ பேஞ்சா சடையங்குப்பத்துல மேட்டு ரோட்ட வுட்டா ஏது வழி?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் அருள்பிரகாசம் சிரிக்கவில்லை.

அடுத்தது ஸ்ட்ரெய்ட் அண்ட் நேரோ, நேரான குறுகல் வழி. அப்புறம் மாரல் காம்பஸ், மனசாட்சி காட்டும் திசை. அர்த்தம் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் ஏறியது. இதையெல்லாம் பவுடர் தூசியில் நாளெல்லாம் இருமுகிறவர்களுக்கா சொல்ல வேண்டும்?

வேலப்பன் அண்ணன் எழுந்தார். கான்டிராக்ட் ஆள், எம்.கே.பி. நகரில் எங்கள் மேல்வீட்டுக்காரர்.

“மாஸ்க் கேட்டான்னு நம்ம ஷெட்டு பாரிப் பையன கம்பெனி கேட்டாண்டயே நிறுத்தி அனுப்ச்சிட்டாங்கோ. மாஸ்க்கும் வர்ல, அவனும் வர்ல. இது எந்த வழில சேத்தின்னு சாராண்ட கேளும்மா.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். அடுத்து நிறுத்தப்போவது யாரை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான். ஆனாலும் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் கேட்டுவிட்டேன்.

டை கட்டியவர் முகம் மலர்ந்தது. “கிரேட் கொஸ்டின்! லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன்.”

மறுபடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“இன்னாம்மா சொல்றாரு?”

“அப்புறம் பேசலாமாம்ண்ணே.”

“அப்புறம்னா எப்போ?”

மேனேஜர் என் பக்கம் குனிந்து, “முடிஞ்சதும் ரூமுக்கு வாங்க, சங்கமித்ரா” என்றார்.

கடைசியில் ஆளுக்கொரு வெள்ளை டி-ஷர்ட் கொடுத்தார்கள். மார்பில் நீல எழுத்தில் ‘டூ தி ரைட் திங்’ என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றோம்.

“இதுக்கு இன்னா அர்த்தம்?” என்றார் வேலப்பன் அண்ணன்.

“சரியானதச் செய்யணும்னு.”

சங்கு ஊதியது. மேனேஜர் ரூம் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். வேலப்பன் அண்ணன் டி-ஷர்ட்டை உதறினார். நீளவாக்கில் மடித்து, மூக்கும் வாயும் மூடும்படி சுற்றி, பிடரியில் இறுக்கி முடிச்சுப் போட்டார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரும் கட்டினார், பிறகு எல்லோரும் கட்டினார்கள். நீல எழுத்துகள் முகத்தில் குறுக்கே கிடக்க, ஒவ்வொருவராகப் பவுடர் ஷெட்டுக்குள் போனார்கள்.