கம்ப்ரஸர் சத்தம் பற்றி ஒரு கேள்வி

மருந்துக் கிடங்குக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "நாளைக்குள்ள குளிர் அறை சரியாகலைன்னா உங்க தம்பியைக் கூப்பிடுவேன். கோவிச்சுக்காதீங்க."

மெக்கானிக் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அப்பா போனபின் தம்பி சண்டை போட்டுக்கொண்டு எதிர்ச்சாரியில் தனிப் பட்டறை வைத்து வருஷக்கணக்காகிறது. அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. முதலில் யார் பேசுவது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கொள்கை: மற்றவர்தான். இந்த நிலையில் தம்பி வந்து அந்த மெஷினைத் தொட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது.

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சு போயிடும்?" என்றாள் மனைவி. வக்கீல் ஆபீஸில் டைப் அடிப்பவள், வாதத்துக்குப் பழகியவள்.

"உலகத்துல வேற மெக்கானிக்கே இல்லையா?"

"அப்ப உலகத்தையே கேளுங்க" என்று கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

அதில் நியூஸ்ரீடர் என்று ஒரு புரோகிராம் இருந்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒரு விஷயத்தைப் பற்றி எழுதிப் போடுவதையும், மற்றவர்கள் அதன் கீழே பதில் போடுவதையும் கொண்டுவந்து காட்டுவது அதன் வேலை. சர்வரின் பெயரைக் கொடுத்ததும் குழுக்களின் பட்டியலை இறக்கத் தொடங்கியது. இறக்கிக்கொண்டே இருந்தது. பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு குழு, பூனையைக் கண்டால் ஆகாதவர்களுக்கு இன்னொன்று. குளிர்சாதன மெக்கானிக்குகளுக்கும் ஒன்று கிடைத்தது. நிஜப் பெயர் வேண்டாம் என்று மனைவி 'குளிர்ச்சி' என்று அடித்து அதில் சேர்த்துவிட்டாள்.

"முதல்ல கொஞ்ச நாள் பழசைப் படிக்கணுமாம். அப்புறம்தான் எழுதணுமாம்."

"கொஞ்ச நாளா? கிடங்குக்காரன் காலைல வந்து நிப்பான்."

ஆனாலும் எடுத்த எடுப்பிலேயே காரியத்தைப் பேசுவது அவருக்கு மரியாதையாகப் படவில்லை. எல்லோருக்கும் வணக்கம், அனைவரும் நலமா என்று மட்டும் எழுதி அனுப்பச் சொன்னார். பதில்கள் வந்து குவிந்தன. நலம் என்று ஒருவரும் சொல்லவில்லை. தலைப்பு எங்கே, கேள்வி எங்கே, விதிமுறையைப் படித்தாயா என்று வாங்கு வாங்கென்று வாங்கினார்கள்.

அடுத்ததை ஒழுங்காகத் தலைப்புப் போட்டு அனுப்பினார். கம்ப்ரஸர் ஓடும்போது தட்டுகிற சத்தம் வருகிறது, அறையில் குளிர் தங்கவில்லை, வால்வு போயிருக்கும், காலையில் பிரிக்கப்போகிறேன், சரிதானே?

'பனிமனிதன்' என்று ஒருவர் பாய்ந்து வந்தார்.

"எதுக்கெடுத்தாலும் பிரிக்கிறதா? உனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆளை உதைக்கணும். ஸ்க்ரூடிரைவர் முனையைக் கம்ப்ரஸர் மேல வை. பிடியைப் பல்லால கடி. ரெண்டு காதையும் பொத்திக்கோ. கடைவாய்ல இடிச்சா வால்வு. முன்பல் கூசினா வால்வுல கோளாறு இல்ல, கேஸ் ஆவியாகாம திரவமாவே கம்ப்ரஸருக்குத் திரும்பி வருதுன்னு அர்த்தம்."

பல்லாலா என்று குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. அவர்கள் எல்லோரும் பிடியைக் காதில் வைத்துக் கேட்பவர்கள்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. அவருடைய அப்பாவுக்குக் காது மந்தம். காதில் கேட்காததைப் பல்லில் கேட்டே பிழைப்பை நடத்தினார். மகன்கள் இருவரையும் அப்படியே பழக்கினார். மூத்தவர் மட்டும் முன்பல் இரண்டும் கட்டுப்பல் ஆனதும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார். உலகத்தையே கேட்கப்போய், கேள்வி எதிர்ச்சாரியில் போய் நின்றிருக்கிறது.

பனிமனிதன் எழுதியதை அவர் இன்னொரு முறை படித்தார். தம்பியின் திட்டை இத்தனை நாள் கழித்து வாங்குவது சுகமாகக்கூட இருந்தது.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"நகரு, நானே அடிக்கிறேன்."

ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித்தேடி அடித்தார். "உதைக்கணும்னு சொன்னியே, அது நம்ம அப்பாடா. எனக்கு இப்பக் கட்டுப்பல். கூசமாட்டேங்குது."

பனிமனிதனுக்கு மட்டும் அனுப்ப ஒரு பொத்தான், குழுவுக்கே அனுப்ப ஒரு பொத்தான் இருந்தன. மெக்கானிக் பெரிதாக இருந்ததை அழுத்தினார். குடும்ப விஷயம் உலகம் முழுக்கப் போனது.

 உடனே ஒருவர், இங்கே சொந்த விஷயங்கள் பேச அனுமதி இல்லை என்று விதி எண்ணோடு எழுதினார். அதன் கீழே பனிமனிதன் எழுதியிருந்தார்.

"வால்வைத் தொட்டுடாதண்ணே. நான் வர்றேன். என் பல்லு நல்லாத்தான் இருக்கு."