உமைமாவின் பத்து நகங்கள்

அன்று ராயபுரம் மஹாலின் மாடி அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மணப்பெண் உமைமா. அவளுடைய தாய், என் தங்கை மலிகா. மாப்பிள்ளையின் தாய் காத்தூன் பீவி. மஹாலைக் கூட்டிப் பெருக்கி, அறைச் சாவிகளை இடுப்பில் செருகி வைத்திருக்கும் புஷ்பவல்லி. காலமான என் தம்பியின் மகள், என் வீட்டிலேயே வளர்ந்த நவ்ரீன். கதவருகே நான், மஜீது. இவர்களைத் தவிர வேறு யாராவது கண்ணால் பார்த்ததாகச் சொன்னால், அவர் பார்க்கவில்லை.

கதவைத் தாழிட்டவன் நான்தான். உள்ளே நடப்பது வெளியே போகக் கூடாது என்று நினைத்தேன். மணி ஒன்பதரை. பதினோரு மணிக்கு நிக்காஹ். உமைமாவின் பத்து விரல்களிலும் ரோஜா நிறத்தில் ஜெல் நகம் பளபளத்துக்கொண்டிருந்தது. அதை எடுக்க முடியவில்லை.

எடுத்தே ஆக வேண்டியதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் சில நாட்கள் பெண்களுக்குத் தொழுகை இல்லை. எங்கள் பெண்கள் நகத்துக்கு நிறம் போடுவதென்றால் அந்த நாட்களில்தான் போடுவார்கள். நாட்கள் முடிந்ததும் குளிக்க வேண்டும். அந்தக் குளிப்பில் உடம்பில் ஊசிமுனை அளவு இடம்கூட நனையாமல் இருக்கக் கூடாது. நகத்தின் மேல் ஜெல் இருந்தால் தண்ணீர் நகத்தைத் தொடாது. குளிப்பு நிறைவேறாது. உமைமாவுக்கு நாட்கள் முடிந்தது நிக்காஹ் நாளின் விடியற்காலையில்.

நவ்ரீன் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இந்த நகத் தொழிலை ஆரம்பித்தபோது நான் இதையெல்லாம் யோசித்துத்தான் அனுமதித்தேன். விசாரித்ததில், உரித்து எடுக்கக்கூடிய அடிப்பூச்சு ஒன்று உண்டு என்று தெரிந்தது. அதை முதலில் பூசி, மேலே நிற ஜெல்லைப் போட்டு, நீல விளக்கில் காய வைத்தால், மூன்று நான்கு நாள் கழித்து ஓரத்தில் ஒரு குச்சியை நுழைத்துத் தூக்கலாம். வெங்காயத் தோல்போல முழுதாக வந்துவிடும். நம் பெண்களுக்கு அதைத் தவிர வேறு எதையும் போடக் கூடாது என்றேன். சரி என்றாள். பாரிமுனைக் கடைகளுக்கு அவள் போய் நிற்கக் கூடாது, வேண்டியதை நான் வாங்கி வருவேன் என்றேன். அதற்கும் சரி என்றாள்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் துறைமுகத்தில் கிளியரிங் அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். பெட்டியைத் திறக்காமலே சரக்கு இன்னதென்று சொல்வேன் என்று அங்கே எனக்குப் பெயர். அந்தப் பெயரோடுதான் கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை கடைக்குப் போனேன். வழக்கமான அடிப்பூச்சுப் பாட்டில் தீர்ந்துவிட்டிருந்தது. கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். எழுத்தெல்லாம் சீன மொழி. "இதுவும் உரியும் பாய், புதுசு" என்றார். நவ்ரீனுக்கு ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். செய்யவில்லை.

வீட்டில் அவள் பாட்டிலைத் திறந்து பிரஷ்ஷைத் தூக்கிப் பார்த்தாள். பசை நூலாக இறங்கியது.

"பெரியத்தா, இது கெட்டியா கீது. என் விரல்ல ஒண்ணு போட்டு வெச்சி, ரெண்டு நாள் கழிச்சி உரிச்சிப் பாக்கறேன். புது ஜெல்லுன்னா அப்படித்தான் பாக்கணும்."

"ரெண்டு நாளா? நாளைக்கு மருதாணி. கையை மூடிக்கினு உட்காருவாளா உன் மச்சி?"

"அப்ப அடிப்பூச்சு இல்லாத வெறும் நெயில் பாலிஷ் போட்டுடறேன். தொடச்சா போயிடும்."

"முப்பத்துநாலு வருஷம் ஹார்பர்ல சரக்குப் பாத்தவன் நான். நான் கொண்டாந்ததை நீ சோதிச்சிப் பாப்பியா?"

அவள் மூடியைத் திருகி வைத்தாள். மறுநாள் உமைமாவுக்கு அதையே போட்டாள்.

அது உரியும் ஜெல் அல்ல. உடைந்த நகத்தைக் கட்டி எழுப்பப் பயன்படும் கடின ஜெல். ஞாயிற்றுக்கிழமை காலை, மஹால் அறையில், முதல் குச்சி ஒடிந்தபோது எனக்கு அது தெரிந்தது. நவ்ரீனுக்கு மூன்று நாட்களாகவே சந்தேகம் இருந்திருக்க வேண்டும். ஜெல்லை ஊற வைத்துக் கரைத்துப் பார்ப்பதற்காகப் பஞ்சையும் அசிடோன் கரைப்பானையும் முன்னேற்பாடாகவே பையில் கொண்டுவந்திருந்தாள்.

பத்து விரல்களிலும் நனைத்த பஞ்சை வைத்து, அலுமினியத் தாளைச் சுற்றினாள். உமைமா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். தாகம் என்றாள். மலிகா டம்ளரை அவள் வாயருகே பிடித்தாள். அசிடோன் வாடையும் அத்தர் வாடையும் கலந்து கண் எரிந்தது. ஜன்னலைத் திறக்கச் சொன்னேன்.

"தொறந்தா லாரிப் புகை உள்ள வரும் பாய்" என்றாள் புஷ்பவல்லி. "காத்தால இருந்து ஒரு டிரெய்லர்கூட நவரலை. மாப்பிள்ளை வண்டியே அந்த வரிசையிலதான் மாட்டிகினு கீதாம்."

கதவு தட்டப்பட்டது. போட்டோ எடுக்க வந்த ஞானதுரையின் குரல். "சார், பொண்ணு ரெடியா? தனியா ரெண்டு ஸ்டில் எடுத்துக்கறேன்."

"இல்லை" என்றேன்.

"அஞ்சு நிமிஷம் கழிச்சி வரட்டா?"

"கூப்பிடுவோம்."

கால் மணி நேரம் கழித்துத் தாளைப் பிரித்தாள். மேலே இருந்த ரோஜா நிறம் மட்டும் பொருக்காகக் கழன்றது. அடியில் கண்ணாடிபோல அந்த ஜெல் அப்படியே இருந்தது. காத்தூன் பீவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மருமகளின் கட்டைவிரலைச் சுண்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, நகமா, பாத்ரூம் டைல்ஸா?"

"மேடம், என் பொண்ணும் இத்தத்தான் போட்டுகினா" என்றாள் புஷ்பவல்லி. "காசிமேட்டுல ஒரு மாசம் மீன் ஆய்ஞ்சா. ஒண்ணுகூட உழலை. ஸ்ட்ராங்கு."

"உன் பொண்ணு மீன் ஆய்வா. என் மருமவ தொழணும்."

"மாமு," என்று உமைமா என்னைப் பார்த்தாள், "கையைக் கழட்டிக் குடுத்துடவா? குளிச்சிட்டு வந்து வாங்கிக்கறேன்."

புஷ்பவல்லி மட்டும் சிரித்தாள். உமைமாவுக்குக் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

நிக்காஹ்வுக்குக் குளிப்பு நிபந்தனை இல்லை, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நிக்காஹ் ஓதக் கீழே வந்திருந்த ஹஜ்ரத்திடம் கேட்டாலே சொல்லியிருப்பார். அதை நான் சொன்னேன். காத்தூன் பீவி கேட்கவில்லை. "குளிக்காத பொண்ணைக் கூட்டிகினு போயி மொத வக்து தொழுகையை என் வூட்டுல கழாவாக்குவேனா? தவற விட்டா எந்த மொகத்தோட நான் நிப்பேன்? ஒரு கத்தி குடு. நானே நெம்பறேன்."

"வேணாம் மாமி" என்று நவ்ரீன் உமைமாவின் கையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள். "நெம்புனா நகத்தோட மேல் அடுக்கும் சேந்து வந்துடும். ரத்தம் கட்டிக்கும். தேய்ச்சித்தான் எடுக்கணும்."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு நகத்துக்கு எட்டு நிமிஷம். பத்து நிமிஷம்கூட ஆவும்."

அங்கே இருந்த எல்லோரும் மனதுக்குள் கணக்குப் போட்டார்கள். அவள் நகம் தேய்க்கும் ஃபைலை எடுத்தாள். தீப்பெட்டியின் உரசும் பக்கம்போல் சொரசொரப்பான பட்டை. ஒரே இடத்தில் அழுத்தினால் சூடேறும் என்பதால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல இழுத்தாள். வெள்ளைத் தூள் பறந்து அவளுடைய கறுப்பு பர்தாவின் கைகளில் படிந்தது. நகம் தெரியும் இடம் நெருங்கியதும் இன்னும் மென்மையான பட்டைக்கு மாறினாள். வேகம் கூட்டு என்று மலிகா சொன்னபோதும் கூட்டவில்லை.

"யாரு வாங்குனது இத்த?" என்று காத்தூன் பீவி கேட்டார்.

நவ்ரீன் தலை நிமிரவில்லை. "நான்தான் போட்டேன் மாமி. தப்பு என்னுதுதான்."

போட்டது அவள்தான். அதனால் அவள் சொன்னது பொய்யில்லை. கேள்வி அது இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. அவள் மூன்று நகங்களைத் தேய்த்து முடிக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை.

அந்த நேரம் முழுவதும் காத்தூன் பீவி பேசினார். "நீதானே எம்.கே.பி. நகர்ல எங்க ஃபரா பார்லருக்கு வேலைக்குப் போகப்போற பொண்ணு? அவ என் அண்ணன் பொண்ணு, தெரியுமில்ல? கல்யாண ஆர்டர் எல்லாம் இனிமே உனக்குத்தான்னு சொல்லிகினு இருந்தா. இன்னிக்கே போன் போட்டுடறேன். வண்ணாரப்பேட்டையில இருந்து திருவொற்றியூர் வரைக்கும் எந்தக் கல்யாண வூட்டுலயும் உன் கை படாது."

ஃபைல் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி ஓடியது. ஒன்றரை ஆண்டாக எங்கள் முன்னறையில் ஒற்றை நாற்காலி போட்டு அவள் உழைத்தது ஃபராவின் பார்லரில் ஓர் இடத்துக்காக என்பது எனக்குத் தெரியும்.

"வாங்கினவன் நான்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பாரிமுனையில வாங்கினேன். எழுத்துப் படிக்கத் தெரியாமத்தான் வாங்கினேன். அந்தப் பொண்ணு சோதிச்சிப் பாக்கணும்னு கேட்டா. நான் விடலை."

காத்தூன் பீவியின் முகம் இளகியது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். "மஜீது பாய், நீங்க பெரிய மனுசன். பெத்தவன் இல்லாத பொண்ணுன்னு பழியை உங்க தலையில போட்டுக்கறீங்க. அது உங்க குணம். ஆனா அதுக்காக நான் சும்மா இருக்க முடியுமா?"

"குணம் இல்லை. நடந்ததைச் சொல்றேன்."

"சொல்லுவீங்க. சொல்லாம இருப்பீங்களா?"

"அல்லாஹ் மேல ஆணையா—"

"ஐயோ பாய், ஒரு நகத்துக்காக ஆணையெல்லாம் வேணாம்!" என்று எழுந்தே விட்டார். மலிகா என் முழங்கையைப் பிடித்து, "போதும்ண்ணே, உங்க மதிப்பு எங்களுக்குத் தெரியும்" என்றாள். என் சொந்தத் தங்கை. நான் மறுபடி சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்களுக்கு என்மேல் மரியாதை கூடியதே தவிர, நவ்ரீன்மேல் இருந்த கோபம் ஒரு பிடிகூடக் குறையவில்லை. இப்படிப்பட்டவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தாளே என்று அதுவும் அவள் கணக்கில்தான் சேர்ந்தது.

பத்தாவது நகம் முடியும்போது மணி பதினொன்று ஐம்பது. ஒரு நகத்திலும் கீறல் இல்லை. உமைமா ஓடிப்போய்க் குளித்தாள். மாப்பிள்ளையின் வண்டியும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. பன்னிரண்டரைக்கு நிக்காஹ் நடந்தது. நவ்ரீன் சாப்பிடாமல் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை ஃபரா போன் செய்து, வேறு பெண்ணைச் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னாள். நான் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு எம்.கே.பி. நகர் போனேன். ஃபரா எனக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, நின்றுகொண்டே கேட்டாள்.

"இதை வாங்கினவன் நான்" என்று பாட்டிலை மேசைமேல் வைத்தேன்.

"மாமி எல்லாம் சொன்னாங்க. உங்க மாதிரி ஒரு பெரியத்தா எனக்கு இல்லையேன்னு இருக்கு." பாட்டிலைத் தொடக்கூட இல்லை. "நெயில் டெக்னீஷியன்னா ஜெல்லைப் பாத்த உடனே தெரியணும் இல்லையா?"

"அவளுக்குத் தெரிஞ்சிது."

"அப்ப தெரிஞ்சே போட்டாளா?"

நான் எழுந்து வந்துவிட்டேன். எதைச் சொன்னாலும் அது அவள்மேல்தான் போய் விழுந்தது.

வீட்டில் நவ்ரீனிடம் சொன்னேன். அவள் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "விடுங்க பெரியத்தா. இந்தத் தெருவுல மஜீது பாய் தப்பே பண்ண மாட்டாருன்னு வருஷக்கணக்கா நாமதானே சொல்லிகினு இருந்தோம்? இப்ப திடீர்னு பண்ணிட்டாருன்னா யாரு நம்புவாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை அவளே பஸ் ஏறிப் பாரிமுனைக்குப் போகிறாள். நான் தடுப்பதில்லை. புதிதாக வாங்கும் ஒவ்வொன்றையும் தன் சுண்டுவிரலில் போட்டு, தேதி எழுதி வைத்து, உரித்துப் பார்க்கிறாள். நகம் போட வேறு பெண்கள் யாரும் வந்து அந்த நாற்காலியில் உட்காராமல் இரண்டு மாதம் ஆகிறது.

ஜமாஅத்தில் என்னைப் பார்ப்பவர்கள் முன்பைவிட மெதுவாக, கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். தம்பி மகளின் மானத்துக்காக மஜீது செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொண்டார் என்று தண்டையார்பேட்டை முழுக்கப் பேச்சு. அது உண்மையில்லை. குற்றத்தைச் செய்தவன் நான். நவ்ரீன் செய்யவில்லை.