கண்ணோரத்து வெளிச்சம்

என் அண்ணனுக்கு நம்பிக்கை வந்தது அண்ணி செத்த பிறகுதான். அதுவரை வாரம் ஒரு நாள் அவளைப் பிரார்த்தனைக் கூடத்து வாசலில் இறக்கிவிட்டு, ஸ்கூட்டர் மேலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பான்.

"உள்ள வந்து உட்காந்தா என்ன? யாராவது உங்களைக் கடிச்சு வெச்சிடுவாங்களா?" என்பாள் அண்ணி.

"எனக்கும் சேத்து நீயே உட்காந்துட்டு வா" என்பான்.

சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள் திரும்பி வரவில்லை. அவளுக்கான கூட்டு வழிபாடு நடந்த அன்றுதான் அண்ணன் முதல்முறையாகக் கூடத்துக்குள் கால் வைத்தான். அவள் உட்காரும் இடம் ஜன்னலை ஒட்டி இருந்தது. போய் அங்கேயே உட்கார்ந்தான். அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம்: கடைசியில் திரைகளை இழுத்துவிட்டு, விளக்குகளை அணைத்து, எல்லோரும் கண்ணை மூடிச் சும்மா இருப்பார்கள். அந்த இருட்டில் அவனுடைய இடது கண்ணோரத்தில் ஒரு வெளிச்சம் வில்லாக வளைந்து ஓடி மறைந்தது.

"அவதான்" என்றான் என்னிடம். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "கண்ணை மூடியிருக்கேன், எங்கயும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. எங்கிருந்து வரும், நீயே சொல்லு."

நான் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பறையில் வேலை பார்ப்பவள். பல்லைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. "எதுக்கும் கண்ணைக் காட்டிடு" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், இனிமேல் இவளிடம் இதைப் பேசக் கூடாது என்று முடிவு செய்துவிட்டது தெரிந்தது.

என்னிடம்தான் பேசவில்லை. கூடம் முழுக்கப் பரவிவிட்டது. வருஷக்கணக்காக வருகிறவர்களுக்குக் கிடைக்காதது நேற்று வந்தவனுக்குக் கிடைத்திருக்கிறதே! வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் கல்யாணம் தள்ளிப்போகும் மகளைக் கூட்டி வந்து, "உங்க கண்ணால ஒரு தடவை இவளைப் பாத்துடுங்க" என்றாள். அண்ணனும் பெரிய மனுஷன் மாதிரி பார்த்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமையும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அண்ணி எனக்கும்தான் அண்ணி. என் கண்ணுக்கு ஏன் வரவில்லை?

அண்ணனுக்குப் பெயின்ட் கடையில் வேலை. சுவரிலிருந்து பெயர்த்த துணுக்கை யாராவது கொண்டுவந்து கொடுத்தால், அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதே நிறத்தைக் கலந்து தருவான். ஒருநாள் கடை முதலாளி எனக்குப் போன் செய்தார்.

"உங்க அண்ணன் ஒரு பெரிய டப்பாவை இடிச்சுத் தள்ளிட்டாரும்மா. கடை பூரா நீலம். அது போகட்டும். இடது பக்கம் அவ்ளோ பெரிசா இருந்ததைப் பாக்கவே இல்லைங்கறாரு."

ஓடினேன். செருப்பெல்லாம் நீலமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவனுடைய வலது கண்ணை என் கையால் பொத்தினேன்.

"இப்ப என்ன தெரியுது?"

"கீழ இருந்து கறுப்பா ஒரு திரை ஏறியிருக்கு."

"எப்பலேர்ந்து?"

குனிந்து செருப்பிலிருந்த நீலத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.

கண் டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகச் சொன்னாள். கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் விழித்திரை கிழிந்து கழன்றுகொண்டிருக்கிறது. அது இழுபடும்போது மின்னல் மாதிரி தெரியும். இருட்டில் இன்னும் நன்றாகத் தெரியும். "மின்னல் வந்தப்பவே வந்திருந்தா லேசர்லயே முடிஞ்சிருக்கும். இப்ப உடனே ஆபரேஷன் பண்ணணும்."

"பண்ணா அந்த வெளிச்சம் நின்னுடுமா?" என்று கேட்டான் அண்ணன்.

"நிக்கணும் சார். அதுக்குத்தானே பண்றோம்."

"அப்ப வேணாம்" என்று எழுந்துவிட்டான்.

கெஞ்சினேன், திட்டினேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். வேறு வழி தெரியாமல் கூடத்தை நடத்துகிறவரிடம் போனேன். எல்லோரும் அவரை ஐயா என்பார்கள். இரண்டு அடி கொடுக்கலாம் என்ற ஆத்திரத்தோடுதான் போனேன். விஷயத்தைக் கேட்டதும் மனுஷன் வெளிறிப்போனார். சட்டையைக்கூட மாற்றாமல் என் கூடவே வந்துவிட்டார்.

"எனக்கு எந்த வெளிச்சமும் வந்ததே இல்ல தம்பி" என்றார், மூடிய கதவுக்கு வெளியே நின்று. "இத்தனை வருஷமா கண்ணை மூடுறேன். எனக்கு வெறும் இருட்டுதான். உங்களுக்கு வந்துதுன்னதும் எனக்கே ஆசையாப் போச்சு. அதான் கேள்வி கேக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடது."

கதவை இரண்டு தடவை தட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"உங்க வீட்டம்மாகிட்ட ஒரு தடவை கேட்டேன், ஏதாவது தெரியுதாம்மான்னு. ஒண்ணும் தெரியல ஐயான்னாங்க. ஆனா எந்திரிச்சு வெளிய வர்றப்ப, அந்த ஸ்கூட்டர்ல உட்காந்திருக்காரே, அவர் மேல கோவம் இல்லாமப் போயிடுதுன்னாங்க. அதுக்காகத்தான் வர்றேன்னாங்க."

கதவு திறந்தது. சின்னப் பிள்ளை மாதிரி மூக்கு ஒழுக நின்றான் அண்ணன்.

மறுநாளே ஆபரேஷன். கண்ணுக்குள் காற்றை அடைத்து அனுப்பினார்கள். அந்தக் காற்று விழித்திரையை அழுத்திப் பிடிக்கவேண்டுமாம். அதனால் இரவும் பகலும் முகம் தரையைப் பார்த்தே இருக்கவேண்டும்.

"கும்பிட்டது பத்தாதுன்னு டாக்டரும் உன்னைக் குப்புறப் போட்டுட்டாங்க" என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

தலையணையை அடுக்கி, கட்டில் விளிம்புக்கு வெளியே முகம் தொங்கும்படி படுக்கவைத்தேன். பேசவேண்டும் என்றால் நான் கட்டிலுக்குக் கீழே தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வேன். ஜூஸில் உறிஞ்சுகுழல் போட்டு அங்கிருந்தே வாய்க்கு நீட்டுவேன். அப்படிப் படுத்திருந்த ஒரு மத்தியானம் கேட்டான்.

"அவளுக்கு எம்மேல அவ்ளோ கோவமா இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். முகத்துக்கு நேரே முகம் இருந்தது, வரவில்லை.

"இருந்துச்சு. நீ எதுக்குமே கூட வரமாட்டே அண்ணா. எங்க போனாலும் வாசல்லயே நின்னுடுவே. அவ தனியாத்தான் எல்லாத்துக்கும் போனா."

அவனுடைய நல்ல கண்ணிலிருந்து ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது. நான் துடைத்துக்கொள்ளவில்லை.

"உள்ள போய் உட்காந்த அன்னிக்கே வெளிச்சம் வந்துச்சா... அவ என்னை மன்னிச்சுட்டான்னு நினைச்சுக்கிட்டேன்" என்றான்.

இடது கண் தேறவில்லை. ரொம்பத் தாமதமாகிவிட்டது என்றார்கள். புகைக்குள் பார்க்கிற மாதிரி ஏதோ அசைவது தெரியும், அவ்வளவுதான். இனி வலது கண்தான் அவனுக்கு எல்லாம். அதிலும் வரலாம், மின்னல் தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் ஓடி வாருங்கள் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினாள். நான் தினமும் கேட்பேன். "இல்ல" என்பான். அவன் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை மறைத்தவன்தானே.

கூடத்துக்குப் போவதை அவன் நிறுத்தவில்லை. இப்போது யாரும் அவன் கையைப் பிடிப்பதில்லை. மகளைக் கூட்டி வந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் ஜன்னல் பக்கமே போய் உட்காருவான். ஸ்கூட்டர் ஓட்டுவது நான்தான். அதன் மேல் உட்கார்ந்து காத்திருப்பதும் நான்தான். "என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, இருட்டு" என்பான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அண்ணியின் புடவைகளை எடுத்துத் திரும்ப மடித்து வைப்பான்.

ஒருநாள் எல்லோரும் வெளியே வருவதற்கு முன்னாலேயே அவன் வந்துவிட்டான். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"வலது கண்ணுல வந்துடுச்சு" என்றான்.

நான் ஸ்கூட்டரிலிருந்து குதித்து இறங்கினேன். "எப்ப?"

"இப்பதான். கண்ணை மூடினதும். அதே மாதிரி வளைஞ்சு." மூச்சு வாங்கியது. "அவ்ளோ அழகா இருந்துச்சு."

நான் அவனையே பார்த்தேன். கேட்காமல் அவனாகச் சொல்லியிருக்கிறான்.

"என்ன பாத்துட்டு நிக்கறே? ஆஸ்பத்திரிக்கு விடு."

பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். தெரு முனை திரும்பும்போது காதருகே மெல்லக் கேட்டான்.

"கொஞ்சம் மெதுவாப் போயேன். இன்னும் வந்துக்கிட்டிருக்கு."

நான் மெதுவாகப் போகவில்லை.