பதினேழாம் நாள்

காலை ஆறே முக்கால் மணிக்கு, செமாராங் நகருக்கு வெளியே இருந்த ஆயத்த ஆடை ஆலையின் மருத்துவ அறை வாசலில் பதினொரு பெண்கள் வரிசையாக நின்றிருந்தனர். ஒவ்வொருவர் கையிலும் இளஞ்சிவப்பு நிற அட்டை ஒன்று இருந்தது. மாதவிடாயின் முதல் இரண்டு நாட்களுக்குச் சட்டப்படி கிடைக்கும் விடுப்பை அந்த அட்டையில் பதிந்து, முத்திரை பெற்றுக்கொண்டு வீடு திரும்பலாம். முத்திரை பெற வேண்டுமானால், பச்சைத் திரைக்குப் பின்னே சென்று செவிலியரிடம் நாப்கினைக் காட்ட வேண்டும். அந்தத் திரை முழங்காலோடு முடிந்துவிடும். உள்ளே இருப்பவரின் கணுக்கால்களும், அவற்றின் மேல் வந்து குவியும் கால்சட்டையும் வெளியே தெரியும். வரிசையில் நிற்பவர்கள் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறை பற்றிய படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சுதார்மி எட்டாவதாக நின்றிருந்தார். அவருக்கு நாற்பத்தேழு வயது. ஏழாவது லைனில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கால்சட்டைகளின் பின்புறத் தையலைப் போட்டுவருகிறார். வேலை ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். இந்த ஆண்டின் பட்டியல் முப்பதாம் தேதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். அன்று இருபத்தைந்தாம் தேதி. சென்ற ஆண்டுப் பட்டியலில் ஏழாவது லைனைச் சேர்ந்த இருவரின் பெயர்கள் இல்லை. இருவரும் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள். அவர்களில் ஒருவர் இயந்திரத்தின் முன்னாலேயே இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தார்.

"என்ன அக்கா, ஒம்பதாம் தேதிதான இங்க நின்னீங்க? ரெண்டாவது ரவுண்டா?" என்று முன்னால் நின்ற பெண் திரும்பிக் கேட்டாள்.

"எந்தக் கஷாயம் குடிக்கிறீங்கன்னு எங்களுக்கும் சொல்லுங்க. மாசத்துக்கு நாலு நாள் வீட்ல இருக்கலாம்" என்றாள் அவளுக்கும் முன்னால் நின்றவள்.

"எங்கம்மா எல்லாம் எப்பவோ கடையைச் சாத்திட்டாங்கப்பா. அக்கா இன்னும் யாவாரம் பண்றாங்க" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

சுதார்மியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். "என் கடை அப்படித்தாம்மா. மூணு மாசம் பூட்டிக் கெடக்கும். தெறந்தா சாத்த மறந்துடும்."

சிரித்தபோது உள்ளே சூடாக ஒன்று இறங்கியது. அவர் தொடைகளை நெருக்கி நின்றுகொண்டு, எதிர்ச் சுவரில் சோப்பு நுரையோடு இருந்த கைகளைப் பார்த்தார்.

அவருடைய முறை வந்தபோது, செவிலியர் ஹெனி பழைய நாப்கினைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அட்டையை வாங்கினார்.

"எப்ப மாத்துனது அக்கா?"

"வீட்டை விட்டுக் கெளம்பும்போது. முக்கா மணி நேரம் ஆவுது. ரெண்டு வச்சிருந்தேன்."

ஹெனி அட்டையில் விரலை ஓட்டினார். "ஒம்பதாம் தேதி, பத்தாம் தேதி எடுத்திருக்கீங்க. இது அடுத்த மாசத்துதா?"

"இல்லம்மா, அதேதான். அன்னிக்கு வந்தது இன்னும் நிக்கல. நடுவுல கொஞ்சம் கொறைஞ்சாப்ல இருந்துச்சு, முந்தாநாள்லேருந்து இப்படி ஊத்துது."

"அப்ப இன்னிக்குப் பதினேழாம் நாள்."

"ஆமா."

"சட்டத்துல மொத நாள், ரெண்டாம் நாள்னுதானே இருக்கு?" ஹெனி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதோட, நேத்து மத்தியானம் தொழுகையில எனக்கு முன் வரிசையில நின்னீங்களே. தீட்டுன்னா தொழக் கூடாது. தொழுதீங்கன்னா இது தீட்டே இல்லையே அக்கா. நான் எப்படி முத்திரை போடறது?"

சுதார்மி கால்சட்டையின் நாடாவை முடிந்துகொண்டே பதில் சொன்னார். "எங்க ஊர்ல ஓதிக் குடுக்குற அம்மாவைக் கேட்டேன். பதினஞ்சு நாளுக்கு மேல போனா அந்தக் கணக்கு இல்ல, குளிச்சிட்டுத் தொழுன்னாங்க. அல்லாவுக்குப் பயந்து தொழுதேன். அதுக்காக ரத்தம் நிக்கலையேம்மா."

"தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு. ஆனா படிவத்துல இதுக்குக் கட்டம் இல்ல."

"முன்னாடி மூணு மாசம் வரவே இல்ல. அந்த ஆறு நாளையும் நான் எடுக்கல. அதுல ரெண்டு நாள் குடுத்தா..."

"அப்படியெல்லாம் சேத்து வைக்க முடியாது அக்கா. பெரியாஸ்பத்திரிக்குப் போயி டாக்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்களேன்."

"வாங்கிட்டு வந்தா லீவு தருவீங்களா?"

ஹெனி அட்டையின் மடங்கிய முனையை நகத்தால் நிமிர்த்தினார். "நிக்கிற வயசுன்னு அதுல எழுதியிருந்தா, இந்த அட்டையை நான் வாங்கி வச்சுக்கணும். கடிதம் ஆபீசுக்குப் போயிடும்."

"முப்பதாம் தேதிக்கு முன்னாடியே போயிடுமா?"

ஹெனி இழுப்பறையைத் திறந்து இரும்புச்சத்து மாத்திரைகள் நான்கையும் ஒரு நாப்கின் பொட்டலத்தையும் எடுத்துக் கொடுத்தார். அட்டையை முத்திரையிடாமல் திருப்பித் தந்தார்.

அந்த மாதம் முழுவதும் வெள்ளைத் துணிதான். வெளிநாட்டு மருத்துவமனை ஊழியர்களுக்கான கால்சட்டைகள். லைனுக்குள் தேநீர் கொண்டுவரக் கூடாது. பென்சில் வைத்திருக்கக் கூடாது. கறை கண்ட இடத்தில் செக்கிங் பெண்கள் சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சுதார்மி கறுப்புக் கால்சட்டையும் முழங்கால் வரை நீண்ட கறுப்புச் சட்டையும் அணிந்திருந்தார். முக்காலியின் மேல் பிளாஸ்டிக் உறை விரித்து, அதன்மேல் வெட்டுத்துணிகளை அடைத்துத் தைத்த திண்டு ஒன்றைப் போட்டிருந்தார். இடுப்பு வலிக்காக என்று கேட்டவர்களிடம் சொல்லியிருந்தார்.

கழிப்பறைக்குச் செல்ல அனுமதி அடையாளமாக ஒரு மரக்கட்டை உண்டு. நாற்பது பேருக்கு ஒன்று. அது சூப்பர்வைசர் ரெட்னோவின் மேசையோரக் கொக்கியில் தொங்கும். பத்து மணிக்குள் சுதார்மி அதை இரண்டு முறை எடுத்திருந்தார். பதினொன்றரைக்கு மூன்றாம் முறையாக வந்து நின்றார்.

"அக்கா, இது என்ன உங்க வீட்டுச் சாவியா?" என்றாள் ரெட்னோ. முப்பது வயதுக்குள் இருப்பாள். மணிக்கணக்கைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே பேசினாள். "மணிக்குத் தொண்ணூறு பீஸு. உங்ககிட்டயிருந்து அறுபத்தெட்டு வந்திருக்கு. பின்னாடி ஆறு பேரு கையைக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க."

"வயிறு சரியில்லம்மா. நேத்து சாப்பிட்ட சோயா தெம்பே ஒத்துக்கல."

"நேத்தும் வயிறுதான் சொன்னீங்க." ரெட்னோ இப்போது திரும்பினாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் திட்டறேன்னு நெனைக்காதீங்க. லைன்ல யார் யார் தளந்துட்டாங்கன்னு ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. இந்த நாலு நாள் கொஞ்சம் பாத்துக்கங்க அக்கா. எழுதறது நான்தான். எழுதலன்னா என்னைக் கேப்பாங்க."

சுதார்மி தலையசைத்தார். அதன் பிறகு அவர் மரக்கட்டையை எடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு வெப்பம் கழுத்திலிருந்து ஏறியது. தலைத்துணிக்குள் வியர்வை வழிந்து காதோரம் இறங்கியது. மலையிலிருந்து வந்த காற்றுக்கு முன் வரிசைப் பெண்கள் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் புறங்கையால் நெற்றியைத் துடைத்தபடி இருந்தார். முன் இயந்திரத்தில் இருந்த முர்னி திரும்பிப் பார்த்தார். லைனில் முர்னிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் மஞ்சளும் புளியும் கரைத்த ஜாமு கஷாயப் பாட்டிலை மேசைக்கு அடியில் காலால் நகர்த்தி அனுப்பினார்.

"குடி அக்கா. மொகம் வெளுத்துப் போயிருக்கு."

"வெள்ளைத் துணி பக்கத்துல மஞ்சளை அனுப்புறியே, ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பிடுவாங்க."

"நாசமாப் போற துணி. குடி."

குனிந்து பாட்டிலை எடுத்தபோதுதான் அது நடந்தது. வயிற்றுக்குள் ஒரு பிடிப்பு. அடுத்து, கல்லீரல் துண்டு போன்ற ஒன்று நழுவி இறங்கியது. அதற்குப் பின்னால் வெதுவெதுப்பாக நிற்காமல் வந்தது. சுதார்மி கையைப் பின்னால் கொண்டுபோய்த் திண்டைத் தொட்டார். ஈரம். வெட்டுத்துணி ஒன்றால் கையைத் துடைத்தார். இன்னொன்றால் மறுபடியும் துடைத்தார். இரண்டையும் மேசைக்கு அடியிலிருந்த பைக்குள் திணித்தார். கொக்கியைப் பார்த்தார். மரக்கட்டை அங்கே இல்லை. வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். அடுத்த பண்டலைப் பிரித்தார்.

கால் மணி நேரத்தில் ரெட்னோ செக்கிங் மேசையிலிருந்து வந்தாள். கையில் ஒரு வெள்ளைக் கால்சட்டை. அதன் பின்பக்கத்தில் சிவப்பு அம்பு ஒட்டப்பட்டிருந்தது. அம்பின் முனையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தீற்றல்.

"யாருக்கு ஊசி குத்தியிருக்கு?" என்று கத்தினாள். "ரத்தம் வந்தா துணியைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? மெஷினை எல்லாரும் நிறுத்த வேணாம், டார்கெட் போயிடும். நான் கிட்ட வரும்போது நிறுத்திட்டு ரெண்டு கையையும் காட்டுங்க."

முதல் இயந்திரத்திலிருந்து தொடங்கினாள். பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல இரு கைகளையும் நீட்டிக் காட்டினார்கள். ரெட்னோ உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். இரண்டு. மூன்று. நான்கு.

சுதார்மியின் இயந்திரம் பதினொன்றாவது. அவர் தம் கைகளைப் பார்த்தார். பத்து விரல்களிலும் ஒரு கீறல்கூட இல்லை. வலது நகங்களின் ஓரத்தில் மட்டும் பழுப்பாக உலர்ந்திருந்தது. அதை அவசரமாகச் சட்டையில் தேய்த்தார். முழுவதும் போகவில்லை. இருபது, முப்பது கைகளிலும் காயம் இல்லை என்றால், அடுத்ததாக எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்வார்கள்.

ரெட்னோ எட்டாவது இயந்திரத்தில் இருந்தாள்.

சுதார்மி இடது கைச் சுட்டுவிரலை ஊசிக்கு அடியில் வைத்தார். பெடலை மிதித்தார்.

ஊசி நகத்தின் நடுவே இறங்கி உடைந்தது. முர்னிதான் அலறினார்.

அதற்குப் பிறகு எல்லோரும் அன்பாக நடந்துகொண்டனர். ரெட்னோ தன் கைக்குட்டையை எடுத்து விரலைச் சுற்றினாள். "ஐயோ அக்கா, அப்ப மொதல்லயும் உங்களுக்குத்தான் குத்தியிருக்கு! குத்துனதுமே சொல்லியிருக்கக் கூடாதா? மறுபடியும் அதே கையோட தைச்சிருக்கீங்களே!"

"டார்கெட்டு போயிடுமேன்னு..." என்றார் சுதார்மி.

முர்னி தம்முடைய கறுப்பு மேற்சட்டையைக் கழற்றி, அவர் எழுந்திருக்கும் முன்பே அவருடைய இடுப்பில் சுற்றிக் கட்டினார். முடிச்சுப் போடும்போது காதருகே குனிந்தார். "என்ன காரியம் பண்ணிட்ட அக்கா?"

"ஊசி குத்துனா யாரும் வயசைக் கேக்க மாட்டாங்க."

உடைந்த ஊசியின் துண்டுகள் எல்லாம் கிடைக்கும் வரை லைன் ஓடக் கூடாது என்பது விதி. துணிக்குள் ஒரு துணுக்குப் போய்விட்டால் முழுப் பெட்டியும் திரும்பி வந்துவிடும். நீண்ட பிடி வைத்த காந்தம் ஒன்றைக் கொண்டுவந்து பதினோராவது இயந்திரத்தைச் சுற்றித் தரையைத் தடவினார்கள். முக்காலிக்கு அடியிலும் தடவினார்கள். இரண்டு துண்டுகள் கிடைத்தன. நுனி கிடைக்கவில்லை.

"விரலுக்குள்ள இருக்கும்" என்றாள் ரெட்னோ. உடைந்த ஊசியைப் பதியும் படிவத்தையும் ஒட்டும் நாடாவையும் எடுத்துக்கொண்டு அவளே சுதார்மியை மருத்துவ அறைக்கு அழைத்துச் சென்றாள்.

இந்த முறை பச்சைத் திரை ஒதுக்கப்பட்டிருந்தது. வாசலுக்கு நேரே போட்டிருந்த நாற்காலியில் சுதார்மியை உட்கார வைத்தார்கள். ஹெனி இடுக்கியால் நகத்தைக் கிளறி, அரிசியைவிடச் சிறிய எஃகு நுனியை எடுத்தார். ரெட்னோ அதை வாங்கி, படிவத்தில் ஏற்கெனவே ஒட்டியிருந்த இரு துண்டுகளுக்குக் கீழே ஒட்டினாள். மூன்றும் சேர்ந்து ஒரு முழு ஊசியாயின.

"அப்பாடா, சேந்துடுச்சு" என்று பெருமூச்சு விட்டாள். லைனை ஓட்டச் சொல்ல அங்கிருந்தே ஓடினாள்.

ஹெனி வேறொரு படிவத்தை எடுத்தார். 'பணிநேரக் காயம்' என்று மேலே அச்சிட்டிருந்தது. பெயர், லைன், நேரம் எழுதினார். "ரெண்டு நாள் ஓய்வு போட்டிருக்கேன். சம்பளத்தோட" என்றார். பேனா சற்று நின்றது. "காரணம்ங்கிற எடத்துல ஒரே வரிதான் அச்சடிச்சிருக்கு. வேற எதுவும் எழுத எடமில்ல. கையெழுத்துப் போடுங்க."

'தொழிலாளியின் கவனக்குறைவு' என்றிருந்தது. அதற்குக் கீழே, நகல்: ஒப்பந்தப் பிரிவு. சுதார்மி இரண்டு முறை படித்தார். பிறகு வலது கையால் கையெழுத்திட்டார்.

அவர் எழுந்தபோது ஹெனி நாற்காலியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பஞ்சை எடுத்து மருந்தில் நனைத்து, நாற்காலியின் இருக்கையைத் துடைத்தார். இன்னொரு பஞ்சு எடுத்தார். இன்னொன்றும்.

"கையைத் தொங்க விடாதீங்க அக்கா" என்றார் குனிந்தபடியே. "நெஞ்சுக்கு மேலயே தூக்கி வச்சிருங்க. ரத்தம் கீழ எறங்கக் கூடாது."

வாயிலில் காவலாளி ஏணி போட்டு ஏறியிருந்தார். 'விபத்தில்லா நாட்கள்' என்ற பலகையிலிருந்து இரண்டு, ஒன்று, இரண்டு என்ற இலக்கங்களைக் கழற்றிவிட்டுப் பூஜ்யத்தை மாட்டினார். கீழே நின்ற சுதார்மியைப் பார்த்து, "போச்சே அக்கா. முந்நூறு ஆனா எல்லாருக்கும் கோழி பிரியாணி போடறதாச் சொன்னாங்க" என்றார். பிறகு விரலில் போட்டிருந்த கட்டுத்துணியைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

வீடு திரும்ப அவர் ஏறிய, செமாராங் செல்லும் சிற்றுந்தில் கூட்டம் இருந்தது. பெரிய வெள்ளைக் கட்டோடு உயர்ந்திருந்த கையைக் கண்டதும் முன்னிருக்கையில் இருந்த மாணவி எழுந்து இடம் விட்டாள். "ஒக்காருங்கம்மா, பாவம், கையில அடி பட்டிருக்கு" என்று பக்கத்திலிருந்த பெரியவர் தள்ளி அமர்ந்து இன்னும் கொஞ்சம் இடம் உண்டாக்கினார்.

"பரவாயில்லை, நீங்க ஒக்காருங்க" என்றார் சுதார்மி.

"அட, ஒக்காரும்மா! எல்லாரும் எடம் விட்டுட்டு நிக்கிறோம், நீ என்ன?" என்றார் நின்றிருந்தவர்களில் ஒருவர்.

இருக்கைக்கு வெளிர்நீல உறை போட்டிருந்தது. அன்று காலையில்தான் துவைத்து மாட்டியிருப்பார்கள். சுதார்மி முர்னியின் மேற்சட்டையை இடுப்பில் இன்னும் இறுக்கிக்கொண்டார். ஊர் வரும் வரை, காலியான அந்த இருக்கைக்குப் பக்கத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மற்றக் கையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக்கொண்டு நின்றார்.