அட்டைகளை எடுத்த பிறகு

நாற்பதைத் தொடும் வயதில் டீச்சர் சிறப்புக் கல்வியில் முதுகலை படிக்கக் கிளம்பியபோது நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏன் அண்ணி, உங்க பொண்ணும் நீங்களும் சேர்ந்தே பரீட்சைக்குப் போவீங்களா?" டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுடைய வகுப்பில் வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, யாருக்கும் பிடிபடாமல், பாதியில் நின்றுபோகும். அந்தப் பிள்ளைகளை என்ன செய்வது என்று இனியாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

பட்டத்துக்கான ஆய்வுக்குக் கிடைத்தவள் பட்டாணி. வேறொரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு. உருண்டை முகமும் குள்ள உருவமுமாக இருந்ததால் வகுப்பே வைத்த பெயர். பேச்சு வராது. ஏதாவது வேண்டுமென்றால் கத்துவாள், மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். வெளியே அனுப்ப வசதியாக வகுப்பாசிரியை அவளைக் கதவோரம் உட்கார வைத்திருந்தாள். எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்துப் படிக்க வைப்பது என்று இதற்குத்தான் பெயர் போலிருக்கிறது.

டீச்சர் படம் ஒட்டிய அட்டைகள் செய்தாள். தண்ணீர், கழிப்பறை, அம்மா, போதும். அவற்றை ஒரு துணிப்பட்டையில் ஒட்டிப் பட்டாணியின் இடுப்பில் கட்டினாள். அட்டையைப் பிய்த்து எதிரில் இருப்பவர் கையில் வைத்தால், கேட்டது உடனே கிடைக்க வேண்டும். பாடம் அவ்வளவுதான். அதைப் புரியவைக்கத் தலையால் தண்ணீர் குடித்துவிட்டாள். பிறகு ஒரு மதியம், வகுப்பு சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தபோது, பட்டாணி 'போதும்' அட்டையைப் பிய்த்து டீச்சர் கையில் வைத்தாள். வராந்தாவுக்குக் கூட்டிப் போனதும் சுவரில் சாய்ந்து நிதானமாக மூச்சுவிட்டாள். டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது.

சலவைக்கடையில் இஸ்திரி போடும் பட்டாணியின் அம்மா மறுவாரம் ஓடிவந்தாள். "பக்கத்துலதான் நிக்கிறேன் டீச்சர். அம்மா படத்தை எடுத்து என் கையிலயே வைக்கிறா. என்னையவே கேக்குறா."

வழிகாட்டிப் பேராசிரியர் கெட்ட மனுஷர் இல்லை. வரைபடம் என்றால் உயிர், அவ்வளவுதான். பட்டாணி தினமும் எத்தனை முறை அட்டையால் கேட்டாள் என்று டீச்சர் வரைந்திருந்த கோட்டை விரலால் தொட்டார். "கோடு நல்லா ஏறியிருக்கு. ஆனா உங்க அட்டையாலதான் ஏறுச்சுன்னு எப்படிச் சொல்வீங்க? தானா வளர்ந்திருக்கலாமே. அட்டையை எடுத்துப் பாருங்க, எறங்கணும். திரும்பக் குடுங்க, ஏறணும். அப்புறம் எவனும் வாயத் திறக்க முடியாது."

"பிள்ளைக்குக் கஷ்டமா இருக்காதா சார்?"

"ரெண்டு வாரம்தானம்மா."

பிள்ளைக்கு இன்றியமையாத திறனை இப்படி எடுத்துப் பார்க்கக் கூடாது, அதற்கு வேறு முறைகள் உண்டு என்று டீச்சரே தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். ஆனால் பட்டம் அவர் கையெழுத்தில் இருந்தது. அம்மாவிடம் போய், "ரெண்டு வாரம் அக்கா, அப்புறம் குடுத்துடுவேன்" என்றாள். அம்மா உடனே பட்டையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள்.

முதல் நாள் பட்டாணி இடுப்பைத் தடவித் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. டீச்சரிடம் வந்து, அவள் உள்ளங்கையில் தன் வெறுங்கையை வைத்து அழுத்தினாள். என்ன கேட்கிறாள் என்று டீச்சருக்குத் தெரியும். ஆனால் அட்டை இல்லாத நாட்களில் எதற்கும் பதில் தரக் கூடாது என்பது ஆய்வின் விதி. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இழுத்துக்கொண்டாள். மறுநாளும் பட்டாணி வந்து வைத்தாள். அதற்கு மறுநாளும். அப்புறம் வரவில்லை. கத்தலும் கடியும் திரும்பின. கோடு அழகாக இறங்கியது.

அட்டைகளைத் திரும்பக் கட்டியபோது பட்டாணி குனிந்துகூடப் பார்க்கவில்லை. கையைப் பிடித்து அட்டைமேல் வைத்தால் கை அப்படியே கிடந்தது. நாட்கள் போயின, கோடு எழும்பவில்லை. டீச்சர் வரைபடத்தைப் பேராசிரியரிடம் கொண்டுபோனாள். அவர் அந்தப் பகுதியைப் பேனாவால் அடித்தார். "எறங்குனவரைக்கும் எழுதி முடிச்சிருங்க. பள்ளி ஆண்டு முடிஞ்சதால தொடர முடியலன்னு ஒரு வரி போடுங்க." போட்டாள். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், இவ்வளவு தெளிவான இறக்கத்தைத் தான் பார்த்ததில்லை என்று பாராட்டினார்.

புது ஆண்டு தொடங்கியதும் டீச்சர் பள்ளிக்குப் போனாள். மூன்றாம் வகுப்புக்கும் அதே வகுப்பாசிரியைதான்; முகமெல்லாம் பல்லாக வரவேற்றாள். "உங்க புண்ணியம் மேடம். இப்பச் சத்தமே இல்ல. கடிக்கிறதும் இல்ல. உக்கார வெச்ச எடத்துலயே இருக்கா." பட்டாணி இருந்தாள். பாவாடை நனைந்து, பெஞ்சுக்கு அடியில் ஈரம் பரவியிருந்தது. "அது ஒண்ணுதான் தொல்லை. முன்ன மாதிரி கத்துனாலாவது கூட்டிட்டுப் போகலாம்."

அம்மா மாற்றுப் பாவாடையோடு வந்தாள். இப்போதெல்லாம் தினமும் கடையில் சொல்லிவிட்டு வருகிறாளாம். உடை மாற்றும்போது பட்டாணி, சொன்னபடி ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கொடுத்தாள். யாரையும் பார்க்கவில்லை.

"மறந்துட்டா போல டீச்சர். மறுபடி சொல்லிக் குடுத்தா வந்துடும்ல?"

"மறக்கல அக்கா." என்றாள் டீச்சர். "அட்டை இல்லாம வெறுங்கையால கேட்டா. திரும்பத் திரும்பக் கேட்டா. நான்தான் தெரிஞ்சே குடுக்கல."

அம்மா நனைந்த பாவாடையைப் பிழிந்தாள், உதறினாள், மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க படிப்பு முடிஞ்சிருச்சுல்ல?"

"முடிஞ்சிருச்சு."

"அப்ப இனிமே வர வேண்டாம் டீச்சர்."

"சரிக்கா" என்றாள் டீச்சர்.